கடைசிக் கழுவல்

ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்

அன்புள்ள பண்டிதருக்கு,

நானும் அத்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் பேசினால் நமக்குள் உடனே சண்டை வந்துவிடுகிறது. சண்டை சூடுபிடிக்கிற நேரம் பார்த்து நீ "சிக்னல் சரியில்ல" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மின்னஞ்சலில் கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தை உன்னால் பாதியில் துண்டிக்க முடியாது.

முதலில் வீட்டுச் சேதி. உன் அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார், ஆனால் போட்டுக்கொண்டதாக என்னிடம் ஒப்புக்கொள்ள மாட்டார். சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆளை அனுப்புகிறேன் என்றார், அந்த ஆள் இன்னும் பிறக்கவில்லை போலிருக்கிறது.

இனி ஆய்வுக்கூடம். உட்கார்ந்து படி. பொடி துடிக்கவில்லை.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன் நீ செய்து வைத்துவிட்டுப் போனது தீர்ந்துவிட்டது. உன் இடத்துக்கு வந்திருக்கிற பெண் நம் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்கிறாள். எல்லாவற்றையும் மூன்று முறை நிறுப்பாள். இங்கே அவளுக்குத் தராசு என்று பெயரே வைத்துவிட்டார்கள். நிறம் சரி, எடை சரி, உருகுநிலை சரி. கண்ணாடித் தகட்டில் படலமாகப் பூசி, இரண்டு பக்கமும் கம்பி வைத்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறேன். திரையில் ஒரு நேர்கோடு. ஏற்றினாலும் அதே கோடு, இறக்கினாலும் அதே கோடு. இப்படி எத்தனை தகடு பார்த்தாயிற்று தெரியுமா? எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நேற்று என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை, "அப்படி என்னதாம்மா பண்றீங்க அங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் நீ உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார்த்தாயா! நான் சொன்னேன். நம் உடம்பில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு மின்சாரத்தால்தான் சேதி சொல்கிறது. லேசாகத் தட்டினால் நரம்பு கண்டுகொள்ளாது. தட்டல் ஓர் அளவைத் தாண்டினால் சட்டென்று ஒரு துடிப்பு, பிறகு கொஞ்சம் ஓய்வு, மறுபடி துடிப்பு. உங்கள் பிள்ளை செய்த பொடியும் அதே மாதிரி துடித்தது. அதில் உயிர் கிடையாது, வெறும் மூலக்கூறுகள்தான், ஆனாலும் துடித்தது. அதை வைத்து மூளை மாதிரி வேலை செய்கிற கருவி செய்யலாம், செயலிழந்த நரம்புக்குப் பக்கத்தில் பொருத்திப் பார்க்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அத்தை கவனமாகக் கேட்டுவிட்டு, "இப்ப துடிக்கலையா?" என்றார். இல்லை என்றேன். "என் புள்ள போனதும் நின்னுடுச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க முகத்தில் அப்படி ஒரு பெருமை!

சிரிக்காதே. விஷயம் சிரிக்கிற மாதிரி இல்லை. வெளிநாட்டில் ஒரு குழு நம் கட்டுரையைப் பார்த்துப் பொடி செய்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நேர்கோடுதானாம். ஆய்விதழுக்கு எழுதிவிட்டார்கள். ஆய்விதழ் பேராசிரியரிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அவர் என்னைக் கேட்கிறார். நான் யாரைக் கேட்பேன்?

உனக்கு வேலை கொடுத்ததே அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான். அங்கே நீ இன்னும் நிரந்தரமாகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால் யோசித்து எழுது. கட்டுரையில் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா? கலக்கியது கூடவா, குறைச்சலா? உலர்த்தும்போது ஜன்னல் திறந்திருந்ததா? எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும் எழுது.

உன் பதிலுக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்,
உன் மனைவி


புதன்கிழமை, ஆய்வுக்கூடம்

மதிப்பிற்குரிய பண்டிதர் அவர்களுக்கு,

தங்கள் பதில் கிடைத்தது. மொத்தம் இரண்டு வரி. "கட்டுரையில் உள்ளபடிதான் செய்தேன். உன் கருவியைச் சரிபார்." சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை, பரவாயில்லை. கோபம் வந்தால் நான் உங்களை நீங்கள் என்பேன் என்பது தங்களுக்குத் தெரியும். எனவே வணக்கம்.

என் கருவியைச் சரிபார்த்தேன். ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்த்தேன். பக்கத்துக் கட்டடத்து ஆய்வுக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அவர்களுடைய கருவியைக் கடன் வாங்கி, அதிலும் அளந்தேன். கருவியில் ஒரு பிசகும் இல்லை. பிறகு என் மேஜை இழுப்பறையைக் குடைந்தபோது, தாங்கள் செய்த பொடியைப் பூசிய பழைய தகடு ஒன்று கிடைத்தது. மூலை உடைந்தது என்று தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தேன். அதைக் கம்பியில் மாட்டி மின்சாரத்தை ஏற்றினேன். பண்டிதரே, அது துடித்தது! அதே கருவியில், அதே கம்பியில், இத்தனை மாதம் இழுப்பறையில் கிடந்த பிறகும் துடித்தது. சும்மா, சும்மா, சும்மா, பிறகு திரையில் பட்டென்று ஒரு கூர்முனை. ஓய்வு. மறுபடி ஒன்று. அடுத்த நிமிஷம் தங்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம்.

ஆக, கோளாறு கருவியில் இல்லை. பொடியில்தான் இருக்கிறது. தாங்கள் செய்ததற்கும் தராசு செய்வதற்கும் ஏதோ ஒரு வித்தியாசம் உண்டு. அது கட்டுரையில் இல்லை. தங்களுக்கு மட்டும்தான் தெரியும். தாங்களோ கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தேநீர் குடிக்கிற இடத்தில் நான் போனால் பேச்சு நிற்கிறது. போன வாரம் நான் உள்ளே நுழைவதைக் கவனிக்காமல் ஒருவர், "புருஷன் பொடி, பொண்டாட்டி அளவு. ரெண்டு பேரும் சேந்து படத்தை வரைஞ்சிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காது சுட்டது. கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய் நாலு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, கேட்க என்னிடம் என்ன இருக்கிறது?

பேராசிரியர் நேற்று அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறதைத் தவிர வேற வழி தெரியலம்மா" என்றார். பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே, "நீ அளந்தவ. உன் தகடு உண்மையாவே துடிச்சிருக்கு. பொடியில அவன் என்ன கலந்தான்னு எனக்குத் தெரியாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடு. உன் பேரு தப்பிச்சுக்கும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, நான் அப்படி எழுதித் தரப்போவதில்லை. ஆனால் தங்கள் இரண்டு வரியைப் படித்தபோது, ஒரு கணம், ஒரே ஒரு கணம், எழுதிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி முக்கியமான விஷயம்.

இன்று காலை அவசரமாகக் கிளம்பும்போது நான் குடித்த டம்ளரைக் குழாயில் ஒரு தடவை காட்டிவிட்டுக் கவிழ்த்தேன். அத்தை பிடித்துக்கொண்டார். "அவன மாதிரியே கழுவுற நீயும். தண்ணியில காட்டிக் கவுத்துட்டா ஆச்சா? தொடைக்கலேன்னா வெள்ள வெள்ளையா திட்டு நிக்குது பாரு" என்றார். தங்களை விட்டுக்கொடுத்து அவர் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை, அதனாலேயே நின்று பார்த்தேன். டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு வளையம். இந்த ஊர்த் தண்ணீரின் உப்பு.

பண்டிதரே, அந்த மழைக்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணீரைக் காய்ச்சி வடிநீர் எடுக்கிற இயந்திரம் பழுதாகி, பழுதுபார்க்கச் சொல்லிக் கொடுத்த மனு அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் குடம் வைத்துக் கெஞ்சி வடிநீர் வாங்கிவந்துதான் நாம் ஓட்டினோம். தாங்களோ குடம் தூக்குவதற்குச் சலிப்புப்பட்டுக்கொண்டே இருந்தீர்கள். கெடு நெருங்கிவிட்டது, சீக்கிரம் சீக்கிரம் என்று பேராசிரியர் தலைக்குமேல் நின்றார். அந்தப் பொடியைத் தாங்கள் செய்தது அந்த மாதத்தில்தான்.

கட்டுரையில் "மும்முறை வடித்த நீரால் கழுவப்பட்டது" என்று இருக்கிறது. அந்தப் பத்தியைத் தாங்கள் புதிதாக எழுதவில்லை. நமது முந்தைய கட்டுரையிலிருந்து எடுத்துப் போட்டீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். செய்முறைப் பத்தியை யார் புதிதாக எழுதுகிறார்கள்? எழுத வேண்டியதை எழுதிவிட்டு, செய்ததை மறந்துவிடுகிறோம்.

ஒரே கேள்வி. கடைசிக் கழுவலை எந்தத் தண்ணீரில் செய்தீர்கள்?

மழுப்பாமல் பதில் எழுதவும்.

கருவியில் பிசகில்லாத,
மனைவி


சனிக்கிழமை, வீட்டில்

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்தது. இந்தத் தடவை நாலு பக்கம். அங்கே பனி ஆரம்பித்துவிட்டது, புதுக் கோட்டு வாங்கினாய், அம்மாவுக்கு முட்டிப் பட்டை அனுப்புகிறாய், ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும், உன் அறைக்குப் பக்கத்து அறைக்காரன் குறட்டை விடுகிறான். எல்லாம் படித்தேன். நான் கேட்ட கேள்வியைத் தேடித் தேடிப் பார்த்தேன். நாலு பக்கத்தில் தண்ணீர் என்கிற சொல்லே இல்லை. அங்கே நீ தண்ணீர் குடிப்பதுகூட இல்லையா?

உன் கடிதத்துக்காக நான் காத்திருக்கவில்லை. பழைய கட்டடத்துக்குப் போனேன். நாம் அங்கிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறிவிட்டோம் அல்லவா, இங்கே வருவது சுத்திகரித்த தண்ணீர். பழைய இடத்தில் இன்னும் அதே தொட்டி, அதே துருப்பிடித்த குழாய். ஒரு கேன் நிறையப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாசலில் காவலாளி, "உள்ள குடிதண்ணி இருக்கேம்மா, இத எதுக்குச் சுமக்கிறீங்க?" என்று கேட்டார். ருசி நன்றாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தராசிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ மேடம், குழாய்த் தண்ணியா? சார் பாத்தா என்னத் தொலைச்சுடுவாரு" என்றாள். பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் குடுவையைத் தொட்டாள். அவளுடைய அதே பொடி, பாதியை வழக்கம்போல் வடிநீரில் கழுவினாள், மீதியைக் கேன் தண்ணீரில். இரண்டையும் உலர்த்தி, இரண்டு தகட்டில் பூசினோம்.

வடிநீர்த் தகட்டில் நேர்கோடு. கேன் தண்ணீர்த் தகட்டை மாட்டினேன். கொஞ்சம் ஏற்றினேன், ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம், ஒன்றுமில்லை. சரி, இதுவும் போச்சு என்று நினைத்தபோது துடித்தது. ஓய்ந்தது. மறுபடி துடித்தது. தராசு கைதட்டிக் குதிக்கிறாள், நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உப்புதான். நரம்பில் துடிப்பை உண்டாக்குவதே உள்ளேயும் வெளியேயும் ஓடுகிற உப்புத் துகள்கள்தான் என்பது நமக்கு முதல் பாடம். அதைப் போலச் செய்கிற பொருளைச் செய்துவிட்டு, அதிலிருந்த உப்பைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். எங்கள் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்ல!

நியாயமாக நான் சந்தோஷப்பட வேண்டும். ஒரு நாள்கூடப் படவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கவனமாகப் படி.

இதைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் நான் நீட்டினால் என்ன ஆகும்? புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டி ஒரு கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பார்கள். இன்று குழாய்த் தண்ணீரில் துடிக்கிறது என்பதை நான் காட்டலாம். அன்று நீ அதில்தான் கழுவினாய் என்பதை நான் எப்படிச் சொல்வேன்? நான் அங்கே இல்லை. நீ சொன்னால் அது திருத்தம். கட்டுரை நிற்கும், அந்த வெளிநாட்டுக் குழுவும் செய்து பார்த்துத் தலையாட்டுவார்கள். நீ சொல்லாவிட்டால் நாம் இல்லாததை எழுதியவர்கள்தான். உலகத்தில் இதற்குச் சாட்சி நீ ஒருவன்தான், நீயோ கோட்டு வாங்கிய கதை எழுதுகிறாய்.

உன் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. குழாய்த் தண்ணீரில் கழுவினான் என்று உன் நண்பனின் பொடியைப் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் தொட்டியில் கொட்டினாரே, அன்று உன் பக்கத்தில்தான் நின்றேன். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். அதற்குப் பிறகு உனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. இன்னொன்றும் புரிகிறது. செய்யாததைச் செய்ததாக எழுதினேன் என்று நீ ஒப்புக்கொண்டால், அங்கே உன் மேலாளர் என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்? வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். போகாது என்று உனக்குத் தைரியம் சொல்ல எனக்கு வக்கில்லை. புரிகிறது என்பதால் என் கோபம் குறைந்துவிட்டதாக நினைக்காதே. ஊருக்குப் பயந்து மறைத்தாய், சரி. எனக்கு ஏன் மறைத்தாய்? என் கருவியைச் சரிபார் என்று எனக்கே எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? இத்தனை நாள் நான் கம்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது, உனக்குத் தெரியும். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அத்தையிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று அவராகவே, "அவன் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டானாம்மா?" என்று கேட்டார். இல்லை அத்தை, நல்லதுதான் செய்திருக்கிறான், அதைச் சொல்லத்தான் மாட்டேன் என்கிறான் என்றேன். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். அடி விழும்னு தெரிஞ்சா வாயே தொறக்க மாட்டான்" என்றார். நீ ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. நானும் உன்னை அடிக்கப்போவதில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைப் பேராசிரியர் தயார் செய்துவிட்டார். முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை, ஆகவே அவை நம்பத்தக்கவை அல்ல என்று ஒரு வரி. அதன் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைவரை நேரம் கேட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்டார். ஒரு கடிதம் வர வேண்டியிருக்கிறது என்று சொன்னேன்.

நீ எழுத வேண்டியது ஒரு வரிதான். கடைசிக் கழுவலைக் குழாய்த் தண்ணீரில் செய்தேன். அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். வடிநீர் இயந்திரம் பழுதாகிக் கிடந்ததை நான் சொல்லிக்கொள்கிறேன். வேலை போனால் கிளம்பி வா, இந்தக் குழாயையும் வந்து நீயே சரிசெய். திட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. திட்டுவேன், அத்தை காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்குத் திட்டுவேன். ஆனால் உன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் திட்டுவேன்.

நமக்குக் கல்யாணப் பத்திரிகைகூட அடிக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? சோதனை நடந்துகொண்டிருக்கிறது என்று அரைநாள் விடுப்பில் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தோம். உன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருப்பது அந்தக் கட்டுரையில் மட்டும்தான். உடம்பைப் பார்த்துக்கொள். கோட்டுக்குப் பொத்தானைப் போட்டுக்கொள். அந்தக் கட்டுரை பொய் என்று என்னைக் கையெழுத்துப் போட வைத்துவிடாதே.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கும்,
இரண்டாவது பெயர்